அவரவர் துறை

வடகரைத்தோப்பு, பாபநாசம் வட்டம்
1-10-1973

பஞ்சநதம் சாருக்கு,

ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா என்று கேட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இன்று அது என்னால் முடியவில்லை.

நம் ஓவிய முகாம் ஆறாம் நாளோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை காலை வேம்பு என்கிற பெண் ஆற்றில் மதகுக்குள் இழுக்கப்பட்டாள். உயிர் பிழைத்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். பதினோரு வயது. காலனி அரசப்பனின் மகள்.

நீங்கள் திருச்சிக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்த முப்பத்திரண்டு விதிகளையும் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். ஒன்றையும் விடாமல் நடத்தினேன். கத்தரிக்கோல் இருபத்துநாலையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினேன். டர்பன்டைன் பாட்டிலைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வண்ணம் பட்ட கையோடு யாரையும் சோற்றில் கைவைக்க விடவில்லை. பாயை உதறிவிட்டுத்தான் படுக்கவைத்தேன். "தலையை எண்ணாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது பெயரையும் தினம் மூன்று வேளை கூப்பிட்டேன்.

ஏழாம் விதியையும் நடத்தினோம். "காலை ஆறரை மணிக்கு மாணவர்கள் அவரவர் துறையில் குளித்து வர வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்."

முதல் நாள் கமிட்டித் தலைவர் வைரக்கண்ணு அதைச் சத்தமாகப் படித்தார். "அதான் சார் தெளிவா எழுதியிருக்காரே. நாகம்மா, உன் பிள்ளைங்கள நீ கீழத்துறைக்கு ஓட்டிக்கிட்டுப் போ" என்றார். மாட்டைச் சொல்வது போல ஓட்டிக்கிட்டுப் போ என்றார். அதற்கு அரைமணி முன்புதான் மேடையில் சாதி செத்துவிட்டது என்று பேசிக் கைத்தட்டு வாங்கியிருந்தார்.

அப்புறம் என்ன? ஊர்த்தெருப் பிள்ளைகள் முப்பத்துநாலு பேர் டிரில் மாஸ்டர் மீரா உசேனோடு மேலத்துறைப் படிக்கட்டில். காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் பள்ளிக்கூட ஆயா நாகம்மாளோடு கீழத்துறையில். அங்கே படி கிடையாது. பத்தடி தள்ளி வாய்க்கால் தலைமதகு. சனிக்கிழமை தாளடி நாற்றங்காலுக்காக மதகு திறக்கிற லஸ்கர் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். தூக்கினால் அந்த இடத்தில் எருமைகூட நிற்காது என்பது ஊருக்கே தெரியும். வேம்புவைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்ப் பலகைக்கும் கல்லுக்கும் நடுவே செருகிவிட்டது. நாகம்மாள் சேலையோடு குதித்து அவளை வெளியே இழுத்தாள்.

இப்போது கமிட்டி சொல்வது, ஆயா தன் இஷ்டத்துக்குப் பிள்ளைகளை ஆபத்தான துறைக்கு அழைத்துப் போனாள் என்று. பத்தொன்பதாம் தேதி கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். ஒன்பது வருடம் தற்காலிகமாகக் கூட்டிப் பெருக்கியவளுக்கு இந்தத் தீபாவளிக்குள் நிரந்தர ஆர்டர் வர வேண்டும். வீட்டுக்கு அனுப்பத்தான் ஆர்டர் வரும் போலிருக்கிறது.

அவரவர் துறை என்று எழுதினீர்களே. எவரெவருடைய துறை சார்?

அம்சம்
ஓவிய ஆசிரியை

*

தென்னூர், திருச்சி
5-10-1973

அன்புள்ள அம்சம் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தாளே, அதுவே பெரிது. எலும்பு சிறுவயதில் சீக்கிரம் கூடும்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவன் என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஒரு முறை நாலாம் வகுப்பில் கரும்பலகையில் "விளக்கை அணை" என்று எழுதி, இதற்குப் படம் போடுங்கள் என்றேன். எல்லோரும் ஊதுகிற வாயை வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் குத்துவிளக்கை ஓர் அம்மா இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பது போல வரைந்தான். அவன் செய்ததில் தப்பில்லை. எழுதிய நானும் தப்புச் செய்யவில்லை. சொல்லுக்கு இரண்டு முகம் இருந்தது.

நான் எழுதியதும் அப்படித்தான். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு துறை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு துறை என்ற பொருளில் "அவரவர் துறை" என்றேன். வளர்கிற பிள்ளைகள் ஒன்றாகக் குளிக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். வைரக்கண்ணு அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டால் நான் திருச்சியில் படுத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஒன்று கேட்கிறேன், மனம் நோகாதீர்கள். முகாமில் பொறுப்பாக இருந்தவர் நீங்கள். முதல் நாளே சந்தேகம் வந்திருந்தால் ஒரு கார்டு போட்டிருக்கலாமே? ஐந்து நாள் அந்தப் பிள்ளைகள் கீழத்துறைக்குப் போனதை நீங்களும்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

நாகம்மாள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். குறுவை அறுப்புக் கூலித் தகராறில் ஊர் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கிறது. சோறு கொதிக்கும்போது மூடியைச் சட்டென்று திறந்தால் கைதான் வேகும். வைரக்கண்ணுவிடம் நான் பக்குவமாகப் பேசுகிறேன்.

அன்புடன்,
பஞ்சநதம்

*

வடகரைத்தோப்பு
8-10-1973

சார்,

உங்கள் உதாரணத்தை இரண்டு தடவை படித்தேன். ஓவிய டீச்சரான எனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் வடகரைத்தோப்பில் யாரும் விளக்கைக் கட்டிப்பிடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகள், ஒரு கமிட்டி, ஓர் ஆயா, ஒரு டிரில் மாஸ்டர். எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள்.

ஆண், பெண் என்று பிரித்தீர்களாம். கீழத்துறைக்குப் போன ஆறு பேரில் நாலு பேர் பையன்கள், இரண்டு பேர் பெண்கள். மேலத்துறைக்குப் போன முப்பத்துநாலு பேரிலும் இரண்டும் உண்டு. ஐந்து நாளும் ஒரு ஆள்கூட, "சார் ஆம்பளை பொம்பளைன்னுதானே எழுதியிருக்கார்?" என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இன்னொன்று. எட்டாம் விதி எனக்கு மனப்பாடம். "குளிக்கும் துறையில் இருபது முழக் கயிறும், காற்றடித்த லாரி டயர் டியூப் ஒன்றும் எப்போதும் இருக்க வேண்டும்." ஒன்று. ஏழாம் விதியில் இரண்டு துறை, எட்டாம் விதியில் ஒரு டியூப். கத்தரிக்கோலை இருபத்துநாலு என்று எண்ணி எழுதுகிறவர், பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு துறை ஒதுக்கியிருந்தால் அங்கே ஒரு டியூப் வேண்டும் என்று எழுத மறப்பாரா? எட்டாம் விதியை எழுதினவர் மனதில் ஒரே ஒரு துறைதான் இருந்திருக்கிறது. ஏழாம் விதியை எழுதினவர் யார் சார்?

மீரா உசேன் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலத்துறையிலிருந்து ஓடி வந்தார். வருவதற்குள் நாகம்மாள் அந்தப் பிள்ளையைக் கரையில் போட்டுவிட்டாள். அவள் தொடையில் மதகு ஆணி கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

என்னையும் கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். நான் நன்னிலத்துக்காரி. எங்கள் ஊரிலும் மேலத்துறை உண்டு, கீழத்துறை உண்டு. பதினாறு வயது வரை நான் எந்தத் துறையில் குளித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஏழாம் விதியை நான் படித்த அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. எந்தச் சந்தேகமும் வரவில்லை, அதனால்தான் கார்டு போடவில்லை. வாயை மூடிக்கொண்டு பசை தடவி அதைச் சுவரில் ஒட்டினேன். முகாம் நடந்தால் போதும், ஆறு பிள்ளைகளும் தூரிகையைக் கையில் பிடித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இதை விசாரணையிலும் சொல்லப் போகிறேன். எனக்கு மெமோ வந்தால் வரட்டும்.

இப்போது நடந்திருப்பதைக் கேளுங்கள். சுவரில் இருந்த உங்கள் கையெழுத்துத் தாளைக் காணவில்லை. அந்த இடத்தில் டைப் அடித்த தாள் தொங்குகிறது. ஏழாம் விதி: "மாணவர்கள் அனைவரும் மேலத்துறையில் மட்டுமே குளிக்க வேண்டும்." அடியில், படித்துப் புரிந்துகொண்டேன் என்று நாகம்மாளின் கைநாட்டு. சம்பளப் பதிவேடு என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவள் படித்துப் புரிந்துகொண்டாளாம்.

நீங்கள் எதையும் முதலில் ரஃப் நோட்டில் எழுதி, பிறகுதான் நல்ல பிரதி எடுப்பீர்கள். ஸ்டாஃப் ரூமில் ஏழு வருடம் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு எங்கே?

அம்சம்

*

தென்னூர், திருச்சி
12-10-1973

அம்சம் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை என் மகள் அமிர்தம்தான் முதலில் பிரித்துப் படித்தாள். மருந்து கொடுக்க வந்தவள், "எட்டாம் விதிக்கு என்னப்பா பதில்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சொந்த வீட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று உங்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுச் சுலபமாகத் தப்பித்துக்கொண்டீர்கள். எனக்கு மட்டும் இரண்டு பக்கம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் வைரக்கண்ணு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"என்ன சார், ஒடம்பு தேவலையா? ஊர்ல நீங்க இல்லாம சின்ன விஷயம்லாம் பெருசாயிடுது."

"ஒரு கொழந்தை கை ஒடிஞ்சது சின்ன விஷயமா?"

"ஒடிஞ்சது கூடிடும் சார். அரசப்பன் பயதான் அத வெச்சுக்கிட்டு அறுப்பு வயல்ல கொடி புடிக்கிறான். சட்டத்துல இருக்குற கூலி வேணுமாம். சரி, அத விடுங்க. அந்த விதி எழுதுன ரஃப் நோட்டு இங்கதான இருக்கு? குடுங்க, பத்திரமா வெக்கிறேன்."

"எதுக்கு?"

"நீங்க என்ன தப்பா எழுதிட்டீங்க? ஊர் வழக்கத்த எழுதுனீங்க. வர்ற ஆபீசருக்கு அது புரியணுமே. நாகம்மாவ நெனச்சு நீங்க வருத்தப்பட வேணாம். வேல போனா என் களத்துல வந்து கூட்டட்டும். கூட்டறதுக்கு எந்த எடமா இருந்தா என்ன?"

நோட்டு ஊரில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். என் தலையணைக்கு அடியில் இருந்தது.

உங்களுக்குச் சொன்னதும் பொய். ஆண், பெண் என்று நான் நினைக்கவே இல்லை.

ரஃப் நோட்டில் ஏழாம் விதியை நான் முதலில் எழுதியது இது: "எல்லா மாணவர்களும் ஒன்றாக மேலத்துறையில் குளிக்க வேண்டும். கீழத்துறைப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. மதகு இருக்கிறது." உடனே எட்டாம் விதியில் டியூபைப் பற்றியும் எழுதினேன். அன்று சாயங்காலம் தெருவில் நாலு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அறுப்பை நிறுத்திவிட்டுக் காலனி ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரம். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். "வயல்ல எங்கள எதுத்து நிக்கறவன் புள்ளையோட எங்க புள்ள ஒரே துறையில குளிக்கணுமா? முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று எழுந்து போனார்கள்.

முப்பத்துநாலு பேர் போய்விட்டால் ஆறு பேருக்காக யாரும் முகாம் நடத்த விடமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வரியை அடித்தேன். அதற்கு மேல் எழுத ஒரு சொல்லைத் தேடினேன். சாதியைச் சொல்லாத, யார் பெயரையும் சொல்லாத ஒரு சொல். "அவரவர்" கிடைத்தது. கிடைத்தபோது, இப்போது எழுதக் கூசுகிறது, எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. எட்டாம் விதியை மாற்ற மறந்துவிட்டேன்.

மதகு இருக்கிறது என்று என் கையாலேயே எழுதி, அதை என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

விசாரணையில் நோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். "ஏழாம் விதியின் வாசகம் தெளிவில்லாமல் அமைந்துவிட்டது, நாகம்மாள் மேல் குற்றமில்லை" என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தருகிறேன். அது போதாதா?

பஞ்சநதம்

*

வடகரைத்தோப்பு
14-10-1973

சார்,

போதாது.

தெளிவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், தெளிவில்லாததைத் தப்பாகப் புரிந்துகொண்டது யார் என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். கைநாட்டுக்காரிதான் என்று முடிப்பார்கள். டைப் அடித்த தாளில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறதே என்றும் காட்டுவார்கள். உங்கள் கடிதத்தை அந்தத் தாள் தின்றுவிடும்.

அடித்த வரி வேண்டும். அதற்கு மேல் நீங்கள் எழுதிய வரியும் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக, உங்கள் மையில்.

பக்குவம், பொறுமை, கொதிக்கிற சோறு என்று இனி எனக்கு எழுதாதீர்கள். உங்கள் பக்குவத்துக்கு விலையாக ஒரு பிள்ளையின் கை ஒடிந்தது. என் பொறுமைக்கும் அதே விலைதான். ஒரு வரியில் தப்பித்துக்கொண்டேன் என்றீர்கள். இல்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "டீச்சர், நான் மஞ்சள் பூசி முடிக்காம வெச்ச படத்த யாராவது எடுத்துட்டாங்களா?" என்று அவள் கேட்கிறாள். வைரக்கண்ணு ஆட்கள் எல்லாப் படத்தையும் மூட்டை கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

நாகம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எழுதிப் போட்டிருந்துச்சு, பெரியவுங்க படிச்சாங்க, நான் போனேன். இதுல எந்த எடத்துல டீச்சர் நான் தப்புப் பண்ணேன்?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறை.

அம்சம்

*

தென்னூர், திருச்சி
16-10-1973

அம்சம் டீச்சருக்கு,

வருகிறேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. வரவில்லை என்று சொல்லவும் இல்லை.

அண்ணன் மகன் நேற்று வந்தான். யார் சொல்லி வந்தான் என்று கேட்க வேண்டியதில்லை. "சித்தப்பா, அந்த நோட்ட எடுத்து நீட்டுனீங்கன்னா அப்பறம் எங்க வாசப்படி மிதிக்காதீங்க. அறுக்காம நிக்கிற நெல்லு மொளச்சுக் கெடக்கு. நீங்க எந்தப் பக்கம்?" என்றான். நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. அமிர்தம்தான் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து, "நானும் அதையேதான் கேக்குறேன்பா, நீங்க எந்தப் பக்கம்?" என்றாள்.

டாக்டர் இன்னும் பத்து நாள் பஸ் ஏறக் கூடாது என்கிறார். இதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் பல தடவை படித்துவிட்டேன். ஒரு தடவை கிழித்து எடுத்துவிடப் பார்த்தேன். பாதி கிழிந்து நிற்கிறது. கிழித்தவனும் நான்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வேறு யாரோ கிழித்தார்கள் என்று நாளைக்கு நான் சொன்னாலும் சொல்வேன்.

பஞ்சநதம்

*

வடகரைத்தோப்பு
21-10-1973

சார்,

வெள்ளிக்கிழமை நீங்கள் என்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டீர்கள். நானும் உங்களைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்கு முன்னாலேயே விசாரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மெமோ வரும் என்று மீரா உசேன் சொல்கிறார்.

நீங்கள் உள்ளே பேசியதை, அங்கே நிறுத்தி வைத்திருந்த நாகம்மாள்தான் வந்து சொன்னாள். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஆபீசர் ரொம்ப மரியாதையாகக் கேட்டாராம். "ஆம்பளைப் பசங்க, பொம்பளைப் பசங்கன்னு பிரிச்சுத்தானே சார் எழுதியிருப்பீங்க? வாசகம் கொஞ்சம் தெளிவில்லாமப் போயிட்டுது, அவ்வளவுதானே?" அவர் உங்களுக்குத் திறந்துவிட்ட கதவு அது. முதல் கடிதத்தில் நீங்களே திறந்த கதவு.

"இல்ல. தெளிவாத்தான் எழுதுனேன். காலனிப் பிள்ளைங்களக் கீழத்துறைக்கு அனுப்பறதுக்குன்னே எழுதுனேன். படிச்ச எல்லாருக்கும் தெளிவாப் புரிஞ்சுது. அங்க மதகு இருக்குன்னும் எனக்குத் தெரியும்" என்றீர்களாம்.

வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே, "சாருக்கு ஆபரேஷன் மயக்கம் இன்னும் தெளியல போலருக்கு" என்றாராம். ஆபீசர் சிரிக்கவில்லையாம். டைப் அடித்த தாளை உங்கள் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கைநாட்டின் தேதியைக் கேட்டாராம். அது வேம்பு விழுந்து இரண்டு நாள் கழித்து வாங்கியது என்று நாகம்மாள் சொன்னாளாம்.

நேற்று ஆர்டர் வந்தது. நாகம்மாள் மேல் சொன்ன குற்றம் தள்ளுபடி. அவள் வேலையில் தொடரலாம். நிரந்தர ஆர்டரைத் தனியாகப் பரிசீலிப்பார்களாம். கமிட்டிக்கு ஓர் எச்சரிக்கை. வைரக்கண்ணு தலைவராகவே இருக்கிறார். கீழத்துறையும் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலையும் காலனிப் பெண்கள் ஷட்டர் தூக்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

வேம்புவின் கட்டை அடுத்த மாதம் பிரிப்பார்கள். முழங்கை முழுதாக மடங்குமா என்று அப்போதுதான் தெரியும் என்கிறார் டாக்டர். அரசப்பனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நீங்கள் வரவேண்டிய வீடு அது, எனக்குக் கடிதம் எழுதுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள் என்பதற்காக அது தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றதையும், தெருவிலிருந்து ஒருவரும் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவராததையும், நாகம்மாளும் நானும் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"பெரிய சாருக்கு நன்றி சொல்லணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

அம்சம்